கல்லாகத் தெரியும் செடி: லித்தாப்ஸுக்கு எப்போது தண்ணீர், எப்போது வேண்டாம்

லித்தாப்ஸ் வளர்ப்பவர்களிடம் தண்ணீர் எப்படி விடுகிறீர்கள் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். வாரம் ஒரு ஸ்பூன் என்பார் ஒருவர். மாதம் ஒரு தடவை என்பார் இன்னொருவர். பாலைவனச் செடிதானே, தண்ணீரே வேண்டாம் என்பவரும் உண்டு. செடி செத்த பிறகு எல்லோரும் ஒரே முடிவுக்கு வருகிறார்கள்: இது நம்ம ஊருக்கு ஆகாது.

என் முதல் செடி ஓசூரில், தை மாதத்தில் வாங்கியது. பார்க்க இரண்டு கூழாங்கற்களை ஒட்டவைத்தது போல இருந்தது. நடுவில் ஒரு பிளவு. வாங்கிய இடத்தில் வாரத்துக்கு இரண்டு ஸ்பூன் தண்ணீர் என்று சொன்னார்கள். அப்படியே விட்டேன். ஒரு மாதம் கழித்துப் பிளவு அகன்று உள்ளே புதிதாக ஏதோ தலைகாட்டியது. செடி வளர்கிறது என்று சந்தோஷப்பட்டு இன்னும் ஒரு ஸ்பூன் கூட்டினேன். ஒரு நாள் காலையில் விரலால் தொட்டுப் பார்த்தபோது, கனிந்த சப்போட்டாவைத் தொட்டது போல விரல் உள்ளே போய்விட்டது.

அன்றைக்கு நான் நினைத்தது, தண்ணீர் அதிகமாகிவிட்டது என்று. பல வருடம் கழித்துத்தான் புரிந்தது: தவறு அளவில் இல்லை, நேரத்தில். அதே அளவு தண்ணீரை ஆவணியில் விட்டிருந்தால் செடி பிழைத்திருக்கக்கூடும். அந்த நேரத்தில் செடிக்குள் என்ன நடந்துகொண்டிருந்தது என்று எனக்குத் தெரியாது. அது தெரிந்தால் போதும், வளர்ப்பு முறை முழுவதும் தானாக விளங்கிவிடும்.

## இது என்ன செடி

முதலில் இது கள்ளி (கேக்டஸ்) இல்லை. கள்ளிகள் அமெரிக்கக் கண்டங்களைச் சேர்ந்தவை; தண்ணீரைத் தண்டில் சேர்த்து வைப்பவை. லித்தாப்ஸ் தென்னாப்பிரிக்காவையும் நமீபியாவையும் சேர்ந்தது. தண்ணீரை இலையில் சேர்த்து வைப்பது. இரண்டுமே சதைப்பற்றுத் தாவரங்கள்தான். அதாவது, வறட்சிக்கென்று உடம்பிலேயே தண்ணீரைச் சேமித்து வைக்கும் தடித்த செடிகள். உறவு அதோடு சரி. லித்தாப்ஸின் நிஜமான உறவுக்காரர் நம் வயல்வரப்பிலேயே இருக்கிறார்: களையாகவும் கீரையாகவும் நமக்குத் தெரிந்த சாரணை. இரண்டும் ஒரே தாவரக் குடும்பம்.

இதை வெளியுலகத்துக்குச் சொன்னவர் வில்லியம் பர்செல் என்ற ஆங்கிலேயப் பயணி. 1811-ல் தென்னாப்பிரிக்காவின் பிரீஸ்கா பகுதியில், வினோத வடிவத்தில் கிடந்த ஒரு கூழாங்கல்லைக் கையில் எடுத்தார். எடுத்தபின்தான் அது செடி என்று தெரிந்தது. அந்த ஊர்க்காரர்களுக்கு இது புதிதல்ல. ஆஃப்ரிகான்ஸ் மொழியில் இதற்கு 'பேஸ்க்ளோய்க்கி' என்று ஒரு பெயர் உண்டு. மாட்டுக் குளம்பு என்று பொருள். பிளவுபட்ட அந்த உருவத்தைப் பார்த்தால் கல்லை விடக் குளம்புதான் சரியான உவமை என்று எனக்குத் தோன்றும். லித்தாப்ஸ் என்ற பெயரை லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்துத் தாவரவியலாளர் என். ஈ. பிரவுன் 1922-ல் வைத்தார். கிரேக்கத்தில் கல்முகம் என்கிற மாதிரி அர்த்தம்.

இன்று 40-க்குச் சற்றுக் குறைவான இனங்களைக் கணக்கில் வைத்திருக்கிறார்கள். இவற்றை அதிகம் தேடித் திரிந்து பதிவு செய்தவர் டெஸ்மண்ட் கோல். தாவரவியலாளர் இல்லை, ஆப்பிரிக்க மொழிகளுக்கான பேராசிரியர். மனைவி நவ்ரீனுடன் பல்லாண்டுகள் அலைந்து, செடி வளரும் சுமார் 400 இடங்களுக்கு எண் கொடுத்தார். விதை விற்பவர்கள் பட்டியலில் இன்றும் 'சி' என்ற எழுத்தோடு ஒரு எண் போட்டிருக்கும். அது கோல் கொடுத்த எண். எந்த மலைச்சரிவின் செடி என்பதை அந்த எண்ணே சொல்லிவிடும். ஒரு இடத்துச் செடி அந்த இடத்துக் கல்லின் நிறத்தில் இருக்கும். வெள்ளைக் கல் தரையில் வெளிறிய சாம்பல், இரும்புக்கல் தரையில் துருப்பழுப்பு. மேயும் விலங்குகளின் கண்ணில் படாமல் தப்பிக்க இந்த ஒற்றுமை உதவுகிறது.

## கண்ணாடி ஓடு

தொட்டியில் பார்த்தால் செடி முழுவதும் மேலே நிற்கும். சொந்த ஊரில் அப்படி இல்லை. உச்சி மட்டும் தரைமட்டத்தில் தெரியும், மீதி எல்லாம் மண்ணுக்குள். கோடையில் தண்ணீர் குறைந்து செடி சுருங்கும்போது அந்த உச்சியையும் மணல் மூடிவிடும்.

இங்கே ஒரு கேள்வி வரவேண்டும். இலை மண்ணுக்குள் இருந்தால் வெளிச்சம் எப்படிக் கிடைக்கும்?

பழைய ஓட்டு வீடுகளில் சமையலறைக் கூரையில் நடுவே ஒரு கண்ணாடி ஓடு பதித்திருப்பார்கள். சுவரில் ஜன்னல் இல்லாவிட்டாலும் அந்த ஒரு ஓட்டின் வழியாக வெளிச்சம் உள்ளே இறங்கி, அடுப்படி வரை தெரியும். லித்தாப்ஸின் உச்சியில் புள்ளியும் கோடுமாகத் தெரியும் சற்றே கண்ணாடித்தன்மையுள்ள பகுதிகள் அந்தக் கண்ணாடி ஓடுதான். இதைச் சாளர இலை என்பார்கள்: ஒளியை மேல்பக்கம் வாங்கி உள்ளே இறக்கும் இலை. அந்தச் சாளரத்துக்குக் கீழே, நுங்கு போலத் தெளிவான, தண்ணீர் நிறைந்த திசு. வெளிச்சம் அதற்குள் புகுந்து, காரம் குறைந்து, இலையின் உட்சுவரில் படுகிறது. ஒளியைக் கொண்டு உணவு தயாரிக்கும் பச்சைப் பொருளான பச்சையம் பெரும்பாலும் அங்கேதான் படிந்திருக்கிறது.

செத்துக்கொண்டிருந்த ஒரு செடியைப் பிளேடால் குறுக்கே வெட்டிப் பார்த்திருக்கிறேன். மேலே பழுப்புத் தோல், நடுவே ஜெல்லி மாதிரி தெளிவு, ஓரத்தில் சுற்றிலும் மெல்லிய கரும்பச்சைக் கோடு. அந்தக் கோடு மட்டும்தான் சமையல் செய்கிறது. மற்றதெல்லாம் தண்ணீர்.

ஒரு எச்சரிக்கையும் இதற்குள்ளேயே இருக்கிறது. கண்ணாடி ஓடு வெளிச்சத்தை மட்டும் விடாது, வெயிலையும் விடும். அதைப் பிறகு சொல்கிறேன்.

## கூடையில் முளைத்த வெங்காயம்

வெங்காயக் கூடையில் அடியில் கிடந்த ஒன்று தானாகவே முளைவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். மண் இல்லை, தண்ணீர் இல்லை, ஆனாலும் பச்சைத் தாள் ஒரு சாண் நீளம் வந்துவிடும். அந்த வெங்காயத்தை அழுத்திப் பாருங்கள், தொளதொளவென்று இருக்கும். இன்னும் சில நாள் விட்டால் உள்ளே வெறும் சருகு. வெங்காயத்தின் அடுக்குகள் எல்லாமே இலையின் அடிப்பகுதிகள்தான். அந்தப் பழைய இலைகள் வைத்திருந்த நீரையும் சத்தையும் எடுத்துத்தான் புதுத் தாள் வளர்ந்தது.

லித்தாப்ஸ் ஆண்டுதோறும் செய்வது இதையேதான்.

இந்தச் செடிக்கு ஒரு நேரத்தில் ஒரே ஒரு ஜோடி இலை. நாம் கல் என்று பார்ப்பது அந்த ஜோடியை. இரண்டு இலைக்கும் நடுவே உள்ள பிளவுக்கு அடியில் வளர்முனை ஒளிந்திருக்கிறது. இலையுதிர் காலத்தில் அந்தப் பிளவிலிருந்து மஞ்சளாகவோ வெள்ளையாகவோ ஒரு பூ வரும், செடியையே மறைக்கும் அளவுக்கு. மதியத்துக்கு மேல் விரிந்து, பொழுது சாய்ந்ததும் மூடிக்கொள்ளும். பூ முடிந்ததும் உள்ளே புது ஜோடி உருவாகத் தொடங்குகிறது. அப்போதிலிருந்து பழைய ஜோடி ஒரு தண்ணீர்க் குடம். புது இலை அந்தக் குடத்திலிருந்து மொண்டு மொண்டு பெரிதாகிறது. பழைய இலை அதே வேகத்தில் வற்றுகிறது. கடைசியில் அது வெங்காயச் சருகு போலக் காய்ந்து அடியில் ஒட்டிக்கொள்ளும். இதற்கு இரண்டு மூன்று மாதங்கள் ஆகும், சில சமயம் அதற்கு மேலும்.

மாசி மாதத்தில் ஒரு டார்ச் எடுத்துப் பிளவுக்குள் அடித்துப் பார்ப்பது எனக்குப் பிடித்த வேலை. முதலில் ஒன்றும் தெரியாது. பத்து நாள் கழித்து, உள்ளே ஈரமான பளபளப்போடு ஒரு புது உச்சி, அதில் இன்னும் வெயில் படாத தெளிவான கோலம். கூர்ந்து பார்த்தால் இன்னொன்றும் தெரியும்: புது ஜோடியின் பிளவு பழைய பிளவுக்குக் குறுக்காக ஓடும். பழையது கிழக்கு மேற்கு என்றால் புதியது வடக்கு தெற்கு. சில வருடம் ஒரு ஜோடிக்குப் பதில் இரண்டு ஜோடி வெளியே வரும். அப்படித்தான் ஒற்றைச் செடி மெல்ல மெல்லக் கூட்டமாகிறது.

சரி, இந்த நேரத்தில் நாம் தண்ணீர் ஊற்றினால்? வேர் தண்ணீரை உறிஞ்சி மேலே அனுப்புகிறது. குடம் மறுபடி நிரம்புகிறது. வற்ற வேண்டிய பழைய இலை தடித்துக்கொண்டு நிற்கிறது. புது இலைக்கு வெளியே வர இடமில்லை. நெருக்கத்தில் ஏதோ ஓரிடத்தில் தோல் கிழிகிறது, அல்லது ஈரம் தேங்கி அழுகுகிறது. என் முதல் செடிக்கு நடந்தது இதுதான்.

அழுகாமல் தப்பினாலும் பழைய ஜோடி வற்றாமல் நிற்கும், அதற்குள் அடுத்த ஜோடி வந்துவிடும். கோபுரம் போல அடுக்கடுக்காக நிற்கும் லித்தாப்ஸ் படங்களைப் பார்த்து, எவ்வளவு செழிப்பு என்று பாராட்டுகிறார்கள். அது செழிப்பு இல்லை. சாப்பிட்டு முடிக்க விடாமல் மறுபடி மறுபடி பரிமாறப்பட்ட செடி அது. அப்படி ஒன்று உங்களிடம் இருந்தால் பழைய இலையைப் பிய்க்காதீர்கள். தண்ணீரை நிறுத்திவிட்டுச் சில மாதம் பொறுத்திருங்கள்; தானே குடித்து முடிக்கும்.

இதுவரை சொன்னதைச் சேர்த்துப் பார்த்தால்: லித்தாப்ஸின் இலை ஒரே சமயத்தில் ஜன்னல், சமையலறை, தண்ணீர்க் குடம். ஆண்டுக்கு ஒரு முறை அந்தக் குடத்தை அடுத்த ஜோடியிடம் ஒப்படைக்கிறது. ஒப்படைப்பு நடக்கும்போது குடத்தில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

## இரவில் புளிக்கும் மாவு

எல்லாச் செடிகளுக்கும் இலையில் கண்ணுக்குத் தெரியாத வாய்கள் உண்டு. இவை இலைத்துளைகள். உணவு தயாரிக்கத் தேவையான கரியமில வாயு இதன் வழியாகத்தான் உள்ளே போகிறது. ஆனால் துளை திறந்தால் உள்ளிருக்கும் ஈரமும் வெளியேறும். பாலைவனத்துப் பகலில் வாயைத் திறந்தால் குடம் காலியாகிவிடும்.

அதனால் லித்தாப்ஸ் நம் வீட்டு இட்லி மாவு வேலையைச் செய்கிறது. ராத்திரி ஆட்டி வைத்துவிட்டு, விடிந்தபின் ஊற்றுவது. வெப்பம் தணிந்த இரவில் துளைகளைத் திறந்து கரியமில வாயுவை வாங்கிக்கொள்கிறது. அப்போது உணவாக்க முடியாது, வெளிச்சம் இல்லை. அதனால் அதை மாலிக் அமிலம் என்ற புளிப்புப் பொருளாக மாற்றி வைக்கிறது. விடிந்ததும் துளைகளை மூடிக்கொண்டு, இரவு சேர்த்த புளிப்பை உடைத்து, கதவடைத்த வீட்டுக்குள் சமையலை நடத்துகிறது. மாவு புளிப்பது வேறு வேதியியல்தான். ஆனால் இரவில் தயாரிப்பு, காலையில் சமையல் என்ற ஒழுங்கு அதேதான்.

இதைக் கவனித்துச் சொன்ன ஆரம்பகால மனிதர்களில் ஒருவர் நம் பக்கத்தோடு தொடர்புள்ளவர். தரங்கம்பாடிக்கு மத போதகராக வந்து, பிறகு மதராஸ் மாகாணத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரவியலாளராக இருந்த பெஞ்சமின் ஹெய்ன். ரணகள்ளி இலையைக் காலையில் மென்றால் புளிக்கிறது, மதியத்தில் சுவையே இல்லை, மாலையில் கசக்கிறது என்று ஒரு கடிதத்தில் எழுதினார். அது 1815-ல் லண்டனின் லின்னேயன் சங்கம் என்ற இயற்கையியல் அமைப்பின் ஏட்டில் வெளிவந்தது. அவர் நாக்கால் கண்டது இதே இரவுப் புளிப்பைத்தான். ரணகள்ளியும் இந்த வழியில் வாழும் செடி.

வளர்ப்பவருக்கு இதில் என்ன? இரவு குளிர்ந்தால்தான் இந்தச் செடிக்குச் சாப்பாடு. இரவிலும் புழுக்கம் விடாத கடற்கரை ஊர்களில் கோடைக்காலம் இதற்குப் பட்டினிக்காலம். அப்போது அது உறக்கநிலைக்குப் போகிறது. அதாவது சாகாமல், வளராமல், இருப்பதை வைத்துக்கொண்டு காத்திருக்கும். ஓசூர், ஊட்டி, கொடைக்கானல் பக்கம் வளர்ப்பது எளிது என்பதற்கும், சென்னையில் சித்திரை வெயிலில் தண்ணீர் ஊற்றினால் வெந்து போகும் என்பதற்கும் காரணம் ஒன்றே. தூங்குகிற செடி குடிக்காது. குடிக்காத தண்ணீர் சூடான மண்ணில் வேரைச் சுற்றித் தேங்கும்.

## அப்படியென்றால் தண்ணீர் எப்போது

இப்போது அந்த ஸ்பூன் கணக்குக்கு வருவோம்.

ஸ்பூனால் விடுவதே சரியில்லை. இரண்டு ஸ்பூன் தண்ணீர் மேல்மண்ணை மட்டும் நனைக்கும். தண்ணீர் குடிக்கும் மெல்லிய வேர்கள் கீழே இருக்கின்றன. அவற்றுக்கு ஒன்றும் கிடைக்காது, ஆனால் செடியின் கழுத்துப் பகுதி எப்போதும் ஈரமாக இருக்கும். அழுகல் தொடங்குவது பெரும்பாலும் அங்கேதான். பாலைவனத்தில் மழை வந்தால் நன்றாக வரும், பிறகு நெடுநாள் வராது. நாமும் அப்படியே: விடும்போது தொட்டியின் அடித்துளை வழியே வடியும்வரை விடவேண்டும். பிறகு மண் அடிவரை காய்ந்து, அதற்குமேலும் சில நாள் போகட்டும்.

எப்போது விடுவது என்பதற்கு நாள்காட்டி உதவாது, அதுவும் நம் ஊரில். தென்னாப்பிரிக்காவில் இலையுதிர் காலம் மார்ச் முதல் மே வரை. பூமியின் வட பாதியில் அதே பருவம் செப்டம்பர் முதல் நவம்பர் வரை. நமக்கோ அந்தப் பருவமே தெளிவாக இல்லை. அதனால் புத்தகத்து மாதங்களை விட்டுவிட்டு இலையைப் படிக்கப் பழகுங்கள்.

பார்க்கவேண்டியது இரண்டு. முதலாவது, பிளவு. அதற்குள் புது இலை தெரிகிறதா? தெரிந்தால் தண்ணீர் இல்லை. பழைய இலை எவ்வளவு சுருங்கினாலும் இல்லை. அது சுருங்கத்தான் வேண்டும். பார்க்க மனசு கஷ்டமாக இருக்கும், சொம்பை எடுக்கக் கை போகும். பொறுங்கள். பழைய ஜோடி காகிதமாகக் காய்ந்தபின்தான் முதல் தண்ணீர்.

இரண்டாவது, ஒற்றை ஜோடியோடு நிற்கும் செடியின் கெட்டித்தன்மை. காலையில் பக்கவாட்டில் இரு விரலால் மெதுவாகப் பிடித்துப் பாருங்கள். காயாத எலுமிச்சை போல விறைப்பாக இருந்தால் குடம் நிறைந்திருக்கிறது. சற்றே இளகி, ஓரத்தில் நுண்ணிய சுருக்கங்கள் ஓடினால் தாகம். அப்போது மாலையில் விடுங்கள். மறுநாளோ அதற்கு மறுநாளோ சுருக்கம் மறைந்துவிட்டால் வேர் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். தண்ணீர் விட்டும் சுருக்கம் போகவில்லையா? மறுபடி விடாதீர்கள். வேர் போயிருக்கலாம், அல்லது செடி தூங்கலாம். இரண்டுக்கும் தண்ணீர் மருந்தில்லை.

ஓசூரில் என் மாடியில் ஓராண்டு ஏறக்குறைய இப்படிப் போகிறது. மார்கழி முதல் பங்குனி வரை இலை மாற்றம். அநேகமாகத் தண்ணீரே கிடையாது. பழையது காய்ந்ததும் ஒரு நல்ல தண்ணீர். சித்திரை, வைகாசியில் உறக்கம். மிகவும் சுருங்கினால் மட்டும் பொழுது சாய்ந்தபின் கொஞ்சம். ஆடியில் வானம் மூடிக் குளிர்ந்ததும் செடி விழிக்கிறது. ஆவணி, புரட்டாசி, ஐப்பசி, இந்த மூன்று மாதம்தான் அது தாராளமாகக் குடிக்கும் காலம். பதினைந்து இருபது நாளுக்கு ஒரு முறை விடுகிறேன். பூவும் அப்போதுதான்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. பூக்கும் பருவமும் வடகிழக்குப் பருவமழையும் ஒன்றாக வருகின்றன. நமீபியக் கடலோரத்தில் இந்தச் செடி வாழும் சில இடங்களில் ஆண்டு முழுவதும் 100 மி.மீ. மழை கிடையாது. சென்னையில் ஒரு புயல் ஒரே நாளில் அதைக் கொட்டிவிடும். ஆகவே மழை படாத கூரைக்குக் கீழே வைப்பது கட்டாயம். வெயில் வரும், மழை வராது என்கிற மாதிரி ஒரு பாலிகார்பனேட் ஷீட் போதும்.

சுருக்கமாக: பிளவில் புது இலை தெரிந்தால் நிறுத்து, விறைப்பாக இருந்தால் காத்திரு, இளகினால் வடியும்வரை ஊற்று, சூட்டில் தூங்கினால் எழுப்பாதே.

## மண், தொட்டி, வெயில்

மண் விஷயத்தில் நீண்ட விவாதம் தேவையில்லை. தண்ணீர் ஊற்றியதும் நிற்காமல் இறங்கவேண்டும், அவ்வளவுதான். முக்கால் பங்குக்கு மேல் கரடான பொருள்: பியூமிஸ் என்ற எரிமலை நுரைக்கல், சிண்டர் என்ற எரிந்த நிலக்கரிக் கசடு, சலித்த பருமணல், உடைத்த செங்கல், எது கிடைக்கிறதோ அது. தூசியை அலசி எடுத்துவிட வேண்டும். மீதி கொஞ்சம் செம்மண்ணோ மக்கிய இலையுரமோ. தென்னை நார்த்தூள் வேண்டாம். கடையில் வாங்கும் செடிகள் பெரும்பாலும் அதில்தான் வரும், வாங்கியதும் மாற்றிவிடுங்கள். செடி சிறியது என்று தட்டையான தொட்டியில் வைக்காதீர்கள். வேர் நேராகக் கீழே இறங்குவது. பத்து சென்டிமீட்டர் ஆழமாவது வேண்டும். உரம் அநேகமாகத் தேவையே இல்லை.

வெயில் பற்றித்தான் அதிகக் குழப்பம். அறைக்குள் மேஜை மேல் வைக்க அழகான செடி என்று விற்கிறார்கள். மேஜை மேல் அது வாழாது. வெளிச்சம் போதாவிட்டால் தட்டையான உச்சி உருண்டு, இலை விரல் போல மேலே நீளும், கோலம் மங்கும். நீண்ட இலை மறுபடி குறுகாது. அடுத்த ஆண்டின் ஜோடிதான் சரியாக வரும், அதற்குள் இடத்தை மாற்றியிருந்தால். மறுபக்கம், பாலைவனச் செடி என்று மொட்டை மாடியில் உச்சி வெயிலில் வைப்பதும் தவறு. சொந்த மண்ணில் அதன் உடம்பு தரைக்குள் இருக்கிறது. தொட்டியிலோ மேலே நிற்கிறது, கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டியானால் வேரும் சேர்ந்து கொதிக்கும். அந்தக் கண்ணாடி ஓட்டின் வழியே இறங்கும் கோடை வெயில் உட்சுவரைச் சுட்டுவிடும். உச்சியில் வெள்ளைத் தழும்பு விழுந்தால் அதுதான். காலை வெயில் நான்கைந்து மணி நேரம் நேராகவும், பிறகு பச்சை நிழல்வலைக்குக் கீழேயும் என்று வைத்தால் எங்கள் ஊரில் சரியாக இருக்கிறது.

பூச்சிகளில் மாவுப்பூச்சி ஒன்றைத்தான் கவனிக்கவேண்டும். காய்ந்த பழைய இலைச் சருகுக்கு அடியிலும் வேரிலும் ஒளிந்துகொள்ளும். காரணம் தெரியாமல் செடி வாடினால் தொட்டியைக் கவிழ்த்து வேரைப் பாருங்கள்.

## விதையிலிருந்து

நீல நிற லித்தாப்ஸ் விதை என்று இணையத்தில் படம் போட்டு விற்பார்கள். நீல லித்தாப்ஸ் என்று ஒன்று கிடையாது. சாம்பல், பழுப்பு, துரு, ஆலிவ் பச்சை, இளஞ்சிவப்பு, அபூர்வமாக ஆப்டிகா இனத்தின் ரூப்ரா வகையில் அடர்சிவப்பு. நிஜ விதை கசகசாவை விடச் சிறியது, ஊதினால் பறந்துவிடும். பெரிதாக உருண்டையாக வந்தால் அது வேறு ஏதோ செடி.

காட்டில் பிடுங்கிய செடியையும் வாங்காதீர்கள். இதன் நெருங்கிய உறவான கோனோஃபைட்டம் செடிகள் அண்மை ஆண்டுகளில் தென்னாப்பிரிக்காவில் ஆயிரக்கணக்கில் திருடப்பட்டுப் பிடிபட்டிருக்கின்றன. லித்தாப்ஸுக்கும் அதே ஆபத்து. ஒரு சில சரிவுகளில் மட்டுமே வளரும் இனங்கள் உண்டு. ஒரு மூட்டை போனால் ஒரு சரிவே காலி. விதையிலிருந்து வளர்க்க எவ்வளவோ எளிதான செடிக்கு இந்தக் கதி வர வேண்டியதே இல்லை.

சொந்தமாக விதை எடுக்க, ஒரே இனத்தில் வெவ்வேறு விதையிலிருந்து வந்த இரண்டு செடிகள் ஒரே சமயத்தில் பூக்கவேண்டும். தன் மகரந்தத்தைத் தானே ஏற்காத செடி இது. மென்மையான தூரிகையால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மகரந்தத்தைத் தடவினால் போதும். சில மாதத்தில் பிளவுக்கு மேலே மரப்பொத்தான் போல ஒரு காய் காய்ந்து நிற்கும்.

சின்ன வயதில் பட்டாசுக்காயை எச்சில் தொட்டு உள்ளங்கையில் வைத்து, வெடிக்கும்வரை காத்திருந்தவர்களுக்கு இந்தக் காய் பிடிக்கும். அதன்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சில நிமிடத்தில் மூடியின் இதழ்கள் ஒவ்வொன்றாகப் பின்னோக்கி மடிந்து நட்சத்திரம் போல விரியும். அறைகளுக்குள் விதைகள் ஈரத்தில் மிதக்கும். பட்டாசுக்காய் வெடித்தால் முடிந்தது. இது காய்ந்ததும் திரும்ப மூடிக்கொள்ளும். பாலைவனத்தில் அடுத்த மழைத்துளி விழும்வரை மீதி விதை பத்திரம். துளி மோதும் வேகத்தில் விதை சிதறும், அதே ஈரத்தில் முளைக்கும்.

விதைப்பதற்கு நல்ல நேரம் ஆடிக்குப் பிறகு. சலித்த கலவையின் மேல் விதையைத் தூவி, மூடாமல், தொட்டியைத் தண்ணீர்த் தட்டில் வைத்து அடியிலிருந்து ஈரமேற விடுங்கள். மேலே ஒரு கண்ணாடியோ பிளாஸ்டிக் தாளோ. ஒன்றிரண்டு வாரத்தில் பச்சை ரவை தூவியது போலத் தெரியும். பிறகு மூடியை நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாக விலக்கவேண்டும். வளர்ந்த செடிக்குச் சொன்ன தண்ணீர்க் கணக்கு இந்தக் குழந்தைகளுக்குப் பொருந்தாது. அவற்றின் குடம் கடுகளவுதான். முதல் சில மாதம் மண் முழுவதும் காயவே விடக்கூடாது. பூப்பதற்கு மூன்று வருடமாவது ஆகும்.

முதல் ஜோடி வெறும் பச்சை. கோலம், சாளரம் எதுவும் இல்லாத இரண்டு உருண்டை. சில மாதம் கழித்து அதன் நடுவே மயிரிழையளவு ஒரு பிளவு விழும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் அதற்குள் அடுத்த ஜோடி, முதல் முறையாகப் பழுப்பு நிறத்தோடும் நாலைந்து புள்ளிகளோடும் குறுக்காக எழுந்து வந்துகொண்டிருக்கும். அதைச் சுற்றி அந்தப் பச்சை உருண்டைகள் அப்போதே சுருங்கத் தொடங்கியிருக்கும்.